வார்ப்பும் வாரும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'மரபும் நாமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். மரபு என்கிற சொல்லைக் கேட்டதுமே நம்மில் பாதிப் பேருக்கு எரிச்சல் வருது. மீதிப் பேருக்குப் பெருமை வருது. இரண்டுமே அவசரம் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். சும்மா தத்துவமாகப் பேசிக்கொண்டிருக்காமல் ஒரு ஊரை எடுத்து வைத்துக்கொண்டு பேசலாம்.

சுவாமிமலை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிற ஊர். போன மாதம் கல்லூரித் தோழர்கள் பத்துப் பன்னிரண்டு பேரோடு அங்கேயும், அரசலாற்றங்கரைத் தாராசுரத்துக்கும் போய் வந்தேன். பேருந்திலேயே ஒரு மாணவர் கேட்டார்: "தோழர், இது ராஜா கட்டினது. அய்யர் பூசை பண்றது. ஆசாரி செஞ்சது. இதுல நாம எங்க இருக்கோம்? இத எதுக்கு நாம போய்ப் பாக்கணும்?"

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. 'தமிழன் பெருமை' என்று மேடை போட்டுப் பேசுகிற எவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. அவர்கள் சொல்கிற 'தமிழன்' ஊருக்குள் குடியிருக்கிறவன். சேரியில் இருக்கிறவன் அந்தப் பெருமைக்குக் கைதட்டலாம், பங்கு கேட்கக் கூடாது. அதனால் நம் பிள்ளைகள் 'உன் பெருமையை நீயே வச்சுக்க' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் திருப்பிக்கொண்ட முகத்தால் எதையும் பார்க்க முடியாது, இல்லையா? நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சுவாமிமலை என்றதும் எல்லாரும் முருகன் கோயிலைச் சொல்லுவாங்க. தமிழ் வருடங்கள் அறுபதுக்கும் கணக்காக அறுபது படி, அப்பனுக்கே பிள்ளை பாடம் சொன்ன கதை. அது ஒருபுறம் இருக்கட்டும். நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பது பட்டறைக்கு.

செப்புத் திருமேனிகள் வார்க்கிற பட்டறைகள் அங்கே தெருத்தெருவாக இருக்கின்றன. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில் உருவத்தைப் பிடிக்கிறார்கள். அளவுக்குத் தென்னங்கீற்றுதான். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து முகம் இத்தனை, மார்பு இத்தனை, முழங்கால் இத்தனை என்று பங்கு பிரிக்கிறார்கள். மெழுகுப் பாவை முடிந்ததும் அதன் மேல் காவிரி வண்டலைக் குழைத்து மெல்லிசாகப் பூசுகிறார்கள். நகக்கீறல் அளவு வேலையைக்கூட அந்த முதல் பூச்சு வாங்கிக்கொள்கிறது. அதை நிழலில் காய வைத்து, மேலே கனமான களிமண்ணும் மணலும் கலந்த பூச்சு. பெரிய சிலை என்றால் இரும்புக் கம்பி போட்டுக் கட்டுகிறார்கள். பிறகு வறட்டி அடுக்கித் தீ மூட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெறும் வடிவம், வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் செம்பும் பித்தளையும் ஈயமும் உருகிய குழம்பை ஊற்றுகிறார்கள். பஞ்சலோகம் என்றால் கொஞ்சம் வெள்ளியும் தங்கமும் சேரும். ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுக்கிறார்கள். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கப்புறம் உளியும் அரமும் வைத்து நகாசு வேலை, வாரக்கணக்கில்.

2008இல் சுவாமிமலைச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் தில்லியில் ஜி-20 மாநாடு நடந்த மண்டபத்தின் முன்னால் வைத்தார்களே 27 அடி நடராசர், 18 டன் எடை என்று செய்தி வந்ததே, அதுவும் இங்கே வார்த்ததுதான். உலகத் தலைவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நாங்கள் போன பட்டறையின் கொல்லைப்புறத்தில் ஒரு பெரியவர் காலால் மண் மிதித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஸ்தபதி ஐயா மெழுகுப் பாவையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது நான் மெல்லப் பின்னால் போனேன். பக்கத்துச் சேரியிலிருந்து வருகிறவர். "மண்ணு குழைக்கறது ஒரு கணக்கு தம்பி. ஈரம் கூடிச்சுன்னா வெடிச்சுரும். கொறஞ்சா பிடிக்காது. தப்பிச்சுன்னா உள்ள ஊத்தறது சாமியாவும் வராது, சட்டியாவும் வராது" என்றார். எத்தனை வருசமா இந்த வேலை என்று கேட்டேன். முப்பது வருசம் என்றார். "உங்க பேரு எங்கயாச்சும் எழுதியிருக்காங்களா பெரியவரே?" என்றேன். சிரித்துக்கொண்டே, "கூலி நோட்டுல எழுதுவாங்க" என்றார்.

இதைச் சொல்வதால் அந்த ஸ்தபதி குடும்பத்தை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கைகளின் உழைப்பும் உண்மைதான். அவர் நிலையையும் பாருங்கள். மாதக்கணக்கில் மடியில் வைத்துச் செதுக்கிய சிலைக்கு அவரேதான் கண் திறக்கிறார். கோயிலுக்குள் போய்க் குடமுழுக்கு முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு அவரே அதைத் தொட முடியாது. செய்தவன் தொட்டால் சாமிக்குத் தீட்டு. இது என்ன நியாயம்?

கல்வெட்டுக்குப் போவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்து ஊர்ப் பட்டியல் ஒன்று பொறித்திருக்கிறார்கள். கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களில் வரி கொடுக்க வேண்டாத நிலம் எவையெவை என்று கணக்குச் சொல்கிற பட்டியல். ஜப்பானிய ஆய்வாளர் நொபொரு கராஷிமா போன்றவர்கள் அதை ஊர் ஊராக ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் ஊர் நத்தம் வருகிறது, கோயில் வருகிறது, குளமும் வாய்க்காலும் வருகின்றன. கூடவே பறைச்சேரி வருகிறது, கம்மாணச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி என்கிற சொல்லே வருகிறது. பறையருக்குத் தனிச் சுடுகாடும் வருகிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கல்லிலே வெட்டிவைத்திருக்கிறார்கள், தோழர்களே. தீண்டாமை நேற்று வந்தது, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் பெரிய கோயில் சுவரைக் காட்டுங்கள். பொற்காலம் என்று சொல்கிறார்களே, அந்தப் பொற்காலத்தின் கணக்குப் புத்தகமே நமக்குச் சாட்சி சொல்கிறது.

கம்மாணச்சேரி என்றால் கம்மாளர் சேரி. கொல்லரும் தச்சரும் கன்னாரும் இருந்த சேரி. ஆக, சிலை வார்த்தவர்களுக்கும் ஊர் நத்தத்துக்குள் இடமில்லை. கரூர்க் கோயிலில் இருக்கிற ஒரு கொங்கு நாட்டுக் கல்வெட்டு இன்னும் வேடிக்கையானது. அரசன் கம்மாளருக்குச் சலுகை கொடுக்கிறான். என்ன சலுகை? உங்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். இதைப் படிக்கிறபோது என்ன தெரிகிறது? அதுவரை செருப்புப் போடக் கூடாது, வீட்டுக்குச் சாந்து பூசக் கூடாது என்று இருந்திருக்கிறது. கோயில் கட்டத் தெரிந்தவன் தன் வீட்டுச் சுவரைப் பூச ராசா உத்தரவு வேண்டியிருந்திருக்கிறது!

இதைத்தான் அம்பேத்கர் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார். 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிவைக்கிறது என்று விளக்குகிறார். பட்டறையில் அந்த அடுக்கை நேராகப் பார்க்கலாம். கருவறையில் தொடுகிறவர் ஒருவர். செய்து கொடுத்துவிட்டு விலகுகிறவர் ஒருவர். மண் குழைக்கிறவர் ஒருவர். மூவரும் ஒரே சிலையைச் சுற்றி நிற்கிறார்கள். ஆனால் நடுவில் நிற்கிறவர் மேலே பார்த்து வருத்தப்படுகிறாரே தவிர, கீழே பார்த்துக் கைகொடுப்பதில்லை. சாதியின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

அங்கிருந்து தாராசுரம் போனோம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கல் தேர், கல் சக்கரம், தட்டினால் ஓசை வருகிற படிக்கட்டு எல்லாம் வழிகாட்டிகள் காட்டுவார்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் சாண் அளவுக்குச் சின்னச் சின்னச் சிற்பங்களாக அறுபத்துமூவர் கதை ஓடுகிறது. சேக்கிழார் பெரியபுராணம் எழுதி ஒரு தலைமுறைக்குள் அதைக் கல்லில் செதுக்கிவிட்டார்கள். அந்த வரிசையில் திருநாளைப்போவாரும் உண்டு. நம்ம நந்தன்.

கேள்வி கேட்ட மாணவரை நான் அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் நிறுத்தினேன். "நாம எங்க இருக்கோம்னு கேட்டீங்களே தோழர், இதோ இருக்கோம். வெளிச்சுவத்துல இருக்கோம்" என்றேன்.

நந்தன் கதையை எல்லாரும் பக்திக் கதையாகச் சொல்கிறார்கள். கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனை பாடினார், 1935இலும் 1942இலும் சினிமா எடுத்தார்கள். தீக்குளித்துப் புனிதமாகிப் போனான் என்று முடிக்கிறார்கள். அந்தத் தீயைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கோயிலுக்குள் போக விரும்பியவனைக் கொளுத்திவிட்டு மோட்சம் என்று பெயர் வைத்தார்கள் என்பதை இந்த இயக்கம் பேசியிருக்கிறது. இன்றைக்கு நான் சொல்ல விரும்புவது தீக்கு முந்திய நந்தனைப் பற்றி. அவன் ஒரு கைவினைஞன்.

சேக்கிழார் சொல்கிற நந்தன் என்ன செய்கிறான்? கொள்ளிடக்கரை ஆதனூரில் இருக்கிறான். கோயில் பேரிகைகளுக்கும் மற்ற தோல் கருவிகளுக்கும் தோலும் வாரும் கொடுக்கிறான். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறான். பூசைக்குக் கோரோசனை கொடுக்கிறான். யோசித்துப் பாருங்கள். செத்த மாட்டிலிருந்து எடுத்த தோல் உள்ளே போகிறது. நரம்பு உள்ளே போகிறது. கோரோசனை கருவறைக்கே போகிறது. எடுத்துப் பதப்படுத்திக் கொடுத்த மனுசன் மட்டும் வெளியே நிற்கிறான். திருப்புன்கூரில் நந்தி விலகி வழி விட்டதாம். நந்தி விலகியது, வாசல் விலகவில்லை. மாட்டுக்கு இருந்த இரக்கம் மனுசனுக்கு இல்லை என்றுதான் நான் அந்தக் கதையைப் படிக்கிறேன்.

தோலைப் பதப்படுத்துவது சின்ன வேலையா? அழுகப் போகிற ஒன்றை அழுகாமல் நிறுத்த வேண்டும். மயிர் நீக்கி, ஒரே கனத்துக்குச் சீவி, எந்த இடத்துத் தோல் எந்தக் கருவிக்கு ஆகும் என்று தெரிந்து வெட்ட வேண்டும். மெழுகுக்கும் மண்ணுக்கும் இருக்கிற அறிவு தோலுக்கும் உண்டு. மிருதங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் அதில் இருக்கிறது. கச்சேரி மேடையில் உட்கார்ந்து வாசிக்கிறவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். தோல் தேர்ந்து, மூட்டுக் கட்டி, நாதம் சேர்த்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. அதுவரை அவர்கள் 'ரிப்பேர்காரர்கள்'.

இப்போது மறுபடி அந்தக் குறியீட்டுப் பட்டியலைப் பாருங்கள். சுவாமிமலைச் சிலைக்கு முத்திரை உண்டு. நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கு உண்டு. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் கிடைத்தது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் கிடைத்தது. எல்லாம் ஒரே காவிரிப் படுகை. உலோகம் கலை, மரம் கலை, தோல் மட்டும் 'சாதித் தொழில்'. யார் கை பட்டது என்பதை வைத்துத்தான் கலையா தொழிலா என்று தீர்மானிக்கிறார்கள். பொருளை வைத்து அல்ல.

இங்கே நமக்குள்ளேயே ஒரு பழைய விவாதம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. பறை அடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம், சாவுக்குச் சொல்லப் போக மாட்டோம் என்று நம் ஊர்களில் சொன்னார்கள். அப்படிச் சொன்னதற்காக அடிபட்டார்கள், வீடு இழந்தார்கள். அந்த மறுப்பு எந்தக் கலையையும்விடப் பெரியது. இன்னொரு பக்கம், 1990களில் மதுரையில் நடந்த தலித் கலை விழாக்களில் அதே பறையை நம் தோழர்கள் தலை நிமிர்ந்து அடித்தார்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இரண்டும் முரண்பாடா? இல்லை என்று நினைக்கிறேன். இழிவாகச் சுமத்தும்போது மறுப்பதும் உரிமை, விரும்பி எடுக்கும்போது அடிப்பதும் உரிமை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: யார் சொல்லி அடிக்கிறோம்? யார் வீட்டுப் பிணத்துக்கு, என்ன கூலிக்கு, வேண்டாம் என்று சொல்ல முடிகிற நிலையிலா? விருது மேடையில் பறை, ஊர்ச் சாவில் அதே பழைய கட்டாயம் என்றால் அது மரியாதை அல்ல. பறைக்குப் பொன்னாடை போட்டுவிட்டுப் பறையடிக்கிறவனைக் கொட்டகைக்கு வெளியே உட்கார வைப்பது.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இதே பழைய தஞ்சை மாவட்டத்தில் பத்தூர் என்று ஒரு ஊர். 1976இல் நிலமில்லாத கூலித் தொழிலாளி ஒருவர் தன் குடிசைக்குப் பக்கத்தில், பாழடைந்த கோயில் இருந்த இடத்தில் தோண்டும்போது ஒரு நடராசர் சிலை கிடைத்தது. கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய், 1982இல் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று அதை வாங்கியது. வழக்கு நடந்தது. இடிந்து கிடந்தாலும் கோயில் சட்டப்படி ஒரு ஆள், வழக்கில் ஒரு தரப்பாக நிற்கலாம் என்று 1991இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சிலை திரும்பி வந்தது. வரட்டும், திருட்டுப் பொருள் திரும்ப வேண்டியதுதான்.

அதே மண்ணில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி உயர்வு கேட்ட, செங்கொடியை இறக்க மாட்டோம் என்ற தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கீழ்க்கோர்ட் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இடிந்த கோயில் ஒரு ஆள் என்று கடல் கடந்து போய் நிரூபிக்க முடிந்த தேசத்தில், எரிந்த 44 பேரும் ஆட்கள் என்று நிரூபிக்க முடியவில்லை. மரபு என்று யாராவது பேச்செடுத்தால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

அப்படியானால் அந்த மாணவர் கேட்டதற்கு என்ன பதில்? இவை அவர்கள் பெருமை மட்டும் அல்ல. காவிரிப் படுகையின் நெல் இல்லாமல் தாராசுரம் இல்லை. அந்த நெல்லுக்குச் சேற்றில் நின்றவர்கள் நம்மவர்கள். கல்வெட்டு அவர்களை 'உழப்பறையர்' என்றே சொல்கிறது. தோலும் வாரும் நரம்பும் நம்முடையவை. வண்டலைக் குழைத்த கால் நம்முடையது. அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்கு அல்ல, கணக்குக் கேட்பதற்குத்தான் அங்கே போக வேண்டும். அயோத்திதாசர் நந்தனை அரசனாக எழுதினார். பிச்சைக்காரப் பக்தனாக நாங்கள் ஏற்க மாட்டோம் என்பது அதற்குப் பொருள். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தன் பெயரில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். நந்தனை எரித்த ஊரிலேயே நந்தன் பெயரில் நம் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். பழையதைக் கையில் எடுப்பது என்றால் இப்படித்தான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலைகள். ஒன்று, கல்லூரியில் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனால் போங்கள். வழிகாட்டி பேசி முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஊரின் சேரி எந்தப் பக்கம்? இதைச் செய்தவர்களுக்கு என்ன கூலி? செய்து முடித்த பிறகு அவர்கள் உள்ளே வரலாமா? இரண்டு, கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அது புலவர்களுக்கும் பண்டாரங்களுக்கும் மட்டும் உரிய படிப்பு இல்லை. பறைச்சேரி என்கிற சொல்லை உங்கள் கண்ணால் சுவரில் படியுங்கள். மூன்று, விடுமுறையில் உங்கள் ஊருக்குப் போகிறபோது தோல் பதப்படுத்தத் தெரிந்த தாத்தா, பறை கட்டத் தெரிந்த மாமா, பாய் முடையத் தெரிந்த அத்தை யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். எந்த மரம், எந்தத் தோல், எத்தனை நாள் ஊறப்போடணும், எந்தச் சூட்டில் காய்ச்சணும் என்று எல்லாம் எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். நீங்கள் அந்தத் தொழிலைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். ஆனால் அந்த அறிவை அடுத்தவன் வந்து 'கண்டுபிடித்து' முத்திரை குத்திக்கொள்வதற்கு முன்னால் நாம் எழுதி வைத்துவிட வேண்டும்.

அப்பனுக்குப் பிள்ளை பாடம் சொன்ன ஊர் என்று சுவாமிமலையைச் சொல்கிறார்கள். இங்கே வந்திருக்கிற ஆசிரியர்களும் பெரியவர்களும் கொஞ்சம் வழி விட்டால், இந்தப் பிள்ளைகள் நமக்கும் பாடம் சொல்வார்கள். உங்கள் கேள்விகளைக் கேட்கக் காத்திருக்கிறேன்.

ஜெய்பீம்.